ஸ்டீரிங் பெட்டிக்கு வைத்த பொட்டு

வண்டிக்கு அடியில் சிவப்பாக ஏதோ சிந்திக் கிடந்ததை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர்தான். பார்த்ததும் அவர் வண்டியைச் சந்தேகப்படவில்லை. எதிர் வீட்டு ஜெகதாம்பாளைச் சந்தேகப்பட்டார்.

"ஆரத்தித் தண்ணியக் கொண்டாந்து ஊத்தியிருக்கா பாரு. நம்ம பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தது அவளுக்குப் பொறுக்கல" என்றார்.

ஜெகதாம்பாளுக்கு முழங்கால் வலி. தன் வீட்டுப் படியை விட்டு இறங்கவே மருமகளைக் கூப்பிடுகிறவள். அவள் விடியற்காலையில் தட்டு நிறைய ஆரத்தி கரைத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, எங்கள் கேட்டைத் திறந்து, வண்டிக்கு அடியில் குனிந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள் என்று இவர் கணக்குப் போட்டுவிட்டார். நான் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"ஆயிலுங்க இது. வண்டியிலேருந்துதான் ஒழுவுது."

"ஆயிலையும் கொண்டாந்து ஊத்தலாம்ல?" என்றார்.

இவரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

அவர் பெயர் ராசாங்கம். பெரம்பலூரில் எடைமேடை வைத்திருக்கிறார். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று லாரி லாரியாக வந்து ஏறி இறங்கும். வெறும் வண்டி எடை போடும்போது எடையைக் கூட்டிக் காட்டக் கேபினுக்குள் ஆள் படுத்திருக்கிறானா, டூல்ஸ் பெட்டியில் கல்லைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு லாரியிலும் ஏறிப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண்ணே அப்படி ஆகிவிட்டது. அந்தத் தொழிலுக்கு அந்தக் குணம் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எடைமேடையைப் பூட்டும்போது அதையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், கேபிள்காரர் எல்லாரும் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் வருவார்கள்.

வண்டி ஒரு பழைய காண்டெஸா. சிமெண்டு ஆலை அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கப்பல் மாதிரி நீளம், தயிர் நிறம். அந்தக் காலத்திலேயே பவர் ஸ்டீரிங் வைத்து வந்தது என்பதுதான் அவருக்குப் பெருமை. ஒரு விரலால் திருப்பிக் காட்டுவார். எங்கள் பெண் சத்யப்பிரியாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை வாலிகண்டபுரத்திலிருந்து இந்த வண்டியில்தான் அழைத்து வர வேண்டும் என்பது நிச்சயத்தன்றே அவர் போட்ட சட்டம்.

அந்த ஸ்டீரிங் பெட்டிதான் இப்போது ஒழுகியது. ஒரு வாரத்தில் ஸ்டீரிங் கல்லாகக் கனத்துவிட்டது. ஒரு விரலால் திருப்பியவர் இரண்டு கையாலும் தொங்கினார். பெரம்பலூரில் காட்டாத மெக்கானிக் இல்லை. ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்றார் ஒருவர். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதா ஸ்டீரிங் வையுங்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள்.

"அரியலூர்ல திருமுருகன்னு ஒருத்தர் இருக்காரு. சிமெண்டு லாரிங்களுக்கெல்லாம் பவர் ஸ்டீரிங் பெட்டி பிரிக்கிறவரு. அவருகிட்ட காட்டுங்க சார்."

அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஏனென்றால் அந்தத் திருமுருகன் என் தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளியின்போது வண்டியை அவன் பட்டறையில் விட்டு எடுத்தோம். அவனுடைய வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர் நிற்கையில் இவர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என் ஸ்டெப்னி இல்ல. மாத்திட்டே" என்றார். அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இனிமே உங்க வண்டியத் தொடமாட்டேன் மாமா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, இவரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. நடுவில் நான் கிடந்து தவித்தேன்.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். என் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று வேறு யாரும் கிடையாது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். அந்த இடத்தில் ஒன்றுவிட்ட உறவில் யாரையாவது பிடித்து நிறுத்தினால் ஊர் என்ன பேசும் என்பதைவிட, என் பெண் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் எனக்குக் கவலை. அதனால் அந்த ஆயில் ஒழுகலைச் சாமி கொடுத்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன். "அரியலூருக்கே போவலாங்க" என்று விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

அந்த வாரம் வீட்டில் இன்னொரு சின்னக் கலவரம். நிச்சயத்துக்காக சத்யப்பிரியா வாங்கிய நெயில் பாலிஷ் பாட்டில் காணாமல் போயிருந்தது. மாதுளம்பழத் தோல் மாதிரி அடர்ந்த சிவப்பு. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினாள். "இந்த வாரம் வூட்டுக்கு யார் யார் வந்து போனாங்கன்னு யோசிச்சுப் பாரு" என்று அதற்கும் துப்புக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பேரளியில் நிறுத்தி ஒரு தரம் ஆயில் ஊற்றினார். அரியலூர் நெருங்க நெருங்க முன்னாலும் பின்னாலும் சிமெண்டு லாரிகள், சாலையோர வேலிக் கருவையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது.

தம்பி பட்டறை செந்துறை ரோட்டில். வீடு அதற்குப் பின்னால். வண்டிச் சத்தம் கேட்டதுமே வெளியே வந்தான். தலையில் கொஞ்சம் நரை ஏறியிருந்தது.

"வாக்கா. வாங்க மாமா" என்றான்.

இந்த இரண்டு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் "ம்" என்றார்.

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கீழ்ப்பக்கத்து ஆயில் சீல் போயிருக்கு மாமா. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றான்.

"வேணாம். இருந்தே எடுத்துக்கிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு இவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்தார். எங்கள் வீட்டுக் குளியலறை ஸ்டூல். காவலுக்கு உட்காருவதற்கென்றே வீட்டிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தம்பி அதைப் பார்த்தும் பார்க்காததுமாக வேலையைத் தொடங்கினான்.

பெட்டிக்குக் கீழே பல் வெட்டிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மாட்டியிருக்கும் இரும்புக் கைக்கு டிராப் ஆர்ம் என்று பெயர். ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்தக் கைதான் அசைந்து சக்கரத்தைத் திருப்பும். அதைக் கழற்றுவதற்கு முன் தம்பி ஒரு சாக்பீஸை எடுத்துத் தண்டுக்கும் கைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டான்.

"எந்தப் பல்லுல இருந்துச்சோ அதே பல்லுல திரும்ப உக்காரணும்க்கா. மாறிப்போச்சுன்னா வண்டி ஒரு பக்கம் சரியாத் திரும்பாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பவும் உளியால ஒரு கொத்து கொத்தி அடையாளம் வச்சிடுவேன். மாமா வண்டியாச்சே, உளி பட்ட காயத்துக்கு வேற ஏதாவது சொல்லுவாரோன்னு சாக்பீஸ எடுத்தேன்" என்றான்.

பெட்டியை இறக்கிப் பிரித்துச் சாமான்களையெல்லாம் ஒரு சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்தான். பழைய ரப்பர் சீல் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போயிருந்தது. அதே அளவில் புது சீல் வாங்க அவன் பைக்கில் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் இவர், "சுதா, போய்க் குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வா" என்று என்னை விரட்டினார்.

நான் பட்டறை வழியாகப் பின்பக்கம் போனேன். தம்பி மனைவி தேவயானி மீன் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. தண்ணீரோடு நான் திரும்பி வந்தபோது இவர் ஸ்டூலில் இல்லை. சாக்கின் பக்கத்தில் குந்தியிருந்தவர் என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து எதையோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விரல் நுனியில் சிவப்பு. சுற்றிலும் சிவப்பு ஆயில்தானே, நான் ஒன்றும் நினைக்கவில்லை. தின்னர் வாடை அடித்தது. பட்டறையில் அடிக்காமல் வேறு எங்கே அடிக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

நான் சந்தேகப்பட்டது வேறொன்றை. சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று சொல்ல நான் மறுபடி பட்டறைக்குள் நுழைந்தபோது, கடையிலிருந்து வந்துவிட்ட தம்பி மூலையில் எதன்மேலோ அவசரமாக ஒரு சாக்கை இழுத்துப் போட்டு மூடினான். "என்னடா அது?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, பழைய சாமான்" என்றான். அவன் முகம் எனக்குத் தெரியாதா? பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே காதைத் தொடுவான். தொட்டான்.

இவர் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. மீன் குழம்புச் சோற்றைத் தட்டில் வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தே சாப்பிட்டார். நான் தேவயானியோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். தம்பி சாமான்களை டீசலில் கழுவி, தண்டில் துருப் பிடித்த இடத்தை எமரித் தாள் போட்டுத் தேய்த்து, புது சீலை ஏற்றி, பெட்டியை மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. செந்துறை ரோட்டில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிப் பார்த்தான்.

"ஸ்டீரிங் கொஞ்சம் கோணலா நிக்குது மாமா. வீல் அலைன்மென்ட் பார்த்தீங்கன்னா சரியாயிடும்" என்றான்.

இவர் ஸ்டூலை டிக்கியில் வைத்துப் பூட்டினார். வழியெல்லாம் கோணலாக நின்ற ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்கோ நிம்மதி. ஸ்டீரிங் வெண்ணெயாகத் திரும்பியது. அடுத்த வாரம் நாமே பத்திரிகை வைத்துக் கூப்பிட்டுவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று மனசுக்குள் கல்யாணத்தையே நடத்தி முடித்துவிட்டேன்.

எங்கள் தெரு முனையில் இடது பக்கம் ஒடித்துத் திருப்ப வேண்டும். எப்போதும் ஒரே ஒடிப்பில் திரும்புகிற வண்டி அன்று பாதியிலேயே நின்றுவிட்டது. ஸ்டீரிங் அதற்கு மேல் போகவில்லை. வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. பின்னால் போய், முன்னால் வந்து, இன்னொரு தரம் பின்னால் போய் ஒருவழியாகத் தெருவுக்குள் நுழைத்தார். வலது பக்கம் திருப்பிப் பார்த்தார், நன்றாகவே போனது. எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பெட்டிய மாத்திட்டான்."

"பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, எப்படி மாத்துவான்?"

"வெளிப் பெட்டி நம்மளுதுதான், அது எனக்குத் தெரியும். உள்ள இருக்கிற சாமான் நம்மளுது இல்ல."

வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அதற்கும் சந்தோஷப்படவில்லை. "பழைய பெட்டின்னா ஒழுவணும்ல? எப்படி ஒழுவாம நிக்குது?" என்று என்னையே கேட்டார்.

சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாக்கு ஞாபகம் வந்துவிட்டது. எதை மூடினான்? ஏன் காதைத் தொட்டான்? பத்துப் பேர் நடுவில் பட்ட அவமானம் அவனுக்கு ஆறியா இருக்கும்? மாத்தாததை மாத்தினேன் என்றீர்களே, இப்போது நிஜமாகவே மாத்துகிறேன் பாருங்கள் என்று ஒரு கோபத்தில் செய்திருந்தால்? கூட இருந்து கூட இருந்து இவருடைய கண் எனக்கும் வந்துவிட்டது. என் கை போனை எடுத்தது.

"தம்பி, வண்டி இடது பக்கம் திரும்பமாட்டேங்குதுடா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெட்டி நம்ம பெட்டிதானே?" என்று கேட்டுவிட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"காலையில வரேன்க்கா" என்றான்.

சொன்னபடி விடிந்ததும் வந்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்து என் வாசலுக்கு வந்த தம்பி, உள்ளே வரவில்லை. நான் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. "வேலைய முடிச்சிடுறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, வாசலிலேயே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனான். வெளிச்சம் காட்ட நான் போனைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்தேன். என் வீட்டுக்காரர் பானட் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் செருப்பு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"எங்க தப்பாச்சுன்னு புரியல. மாமா சொன்ன மார்க்குலதான் மாட்டினேன்" என்றான் தம்பி.

"மாமா சொன்ன மார்க்கா?"

"சாக்பீஸ் கோடு டீசல்ல போயிடுச்சுக்கா. ஆனா தண்டு நுனியில ஒண்ணு, ஆர்ம்ல ஒண்ணுன்னு ரெண்டு செகப்புப் புள்ளி போவாம இருந்துச்சு. நீங்க வச்சதான்னு மாமாவைக் கேட்டேன். ஆமா, சேர்த்து மாட்டுறதுக்காக நாந்தான் வச்சேன்னாரு. நான் ஒரு வாட்டி சரிபார்த்திருக்கணும். அவரே சொல்றாரு, அதைப் போயி சந்தேகப்படுறதான்னு அப்படியே மாட்டிட்டேன். இதோ பாரு."

பார்த்தேன். ஒன்றுக்கு நேராக ஒன்றாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். மாதுளம்பழத் தோல் சிவப்பு. எங்கள் வீடு முழுக்கத் தேடிய சிவப்பு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாமானை மாற்றினால் கண்டுபிடிக்க, கழற்றிப் பரப்பி வைத்த ஒவ்வொன்றிலும் மகளுடைய நெயில் பாலிஷால் கைக்கு வந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார் இந்த மனுஷன். தம்பி கேட்டதும், உன்னை நம்பாமல் வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சேர்த்து மாட்டுவதற்கு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். அந்தப் பொய்யை அவன் நம்பினான். நம்பாதவர் சொன்னதை நம்பி, பல் மாற்றி மாட்டினான். அதற்குத்தான் நேற்று ராத்திரி நான் போன் போட்டு, பெட்டி நம்ம பெட்டிதானே என்று கேட்டேன்.

செருப்பு இரண்டும் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனை இழுத்து வந்து வண்டிக்கு அடியில் படுக்க வைத்திருப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால் தம்பி இன்னொரு தரம் ஸ்பேனரைக் கீழே வைப்பான். இந்தத் தரம் திரும்ப எடுக்கமாட்டான். என் பெண் நெற்றியில் பட்டம் கட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

"அது மார்க் இல்லடா. நாந்தான் வச்சேன்" என்றேன்.

"நீயா?"

"கல்யாண நேரத்துல வண்டி இப்படி மக்கர் பண்ணுதே, கண்ணு பட்டிருக்கும்னு சாமானுக்கெல்லாம் திருஷ்டிப் பொட்டு வச்சேன். மாமாவுக்கு என்ன தெரியும், எனக்காகச் சும்மா சொல்லியிருப்பாரு."

"திருஷ்டிப் பொட்டு கருப்புலல்ல வைப்பாங்க?"

"மை கையில இல்ல. பாலிஷ்தான் இருந்துச்சு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன், என் கை என் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இழுத்துக் கழற்றுகிற புல்லரை வைத்து ஆர்மை எடுத்தான். ஸ்டீரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரைக்கும் என்னைத் திருப்பச் சொல்லி, நடுவைக் கண்டுபிடித்து, சரியான பல்லில் மாட்டி முடுக்கினான். இந்தத் தரம் யாரையும் கேட்காமல் உளியால் ஒரு கொத்து கொத்தினான். எழுந்து போய்த் தெரு முனையில் வண்டியை இடது பக்கம் ஒரே ஒடிப்பில் திருப்பிக் காட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். பானட்டைத் திறந்து ஆயில் மட்டம் பார்த்தான். டிக்கியைத் திறந்து ஆயில் டின்னை வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பேட்டரியில ரெண்டு பொட்டு, ஜாக்கியில ஒண்ணு, ஸ்டெப்னியில மூணு. உங்க வூட்டு வண்டிக்கு ரொம்பத்தான் கண்ணு பட்டிருக்குக்கா."

"கல்யாணத்துக்கு வந்துடுவேல்லடா?" என்றேன்.

"வேலை எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்றான். அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்கிற பதிலை என் தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரைப் பேசிய பேச்சு ஜெகதாம்பாள் வீடு வரை கேட்டிருக்கும். "ஒரு பாதுகாப்புக்குத்தானே வச்சேன்" என்றார். "உங்க வார்த்தைய நம்பித்தான் அவன் தப்பா மாட்டினான். உங்களை நம்புறதுக்கு இந்த உலகத்துல இருந்த ஒரே ஆளையும் தொலைச்சிட்டீங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டு எடைமேடைக்குப் போய்விட்டார். பத்திரிகை வைக்க அரியலூருக்கு நானும் சத்யப்பிரியாவும்தான் போனோம். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு தம்பி, "மாமா வரலியா?" என்று மட்டும் கேட்டான். வந்து நிற்க இவருக்கு முகம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையை வாலிகண்டபுரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு, மாலை கட்டிய காண்டெஸா மண்டப வாசலில் ஒரே ஒடிப்பில் திரும்பி நின்றது. பெண்கள் ஆரத்தி சுற்றி வண்டிக்கு முன்னால் ஊற்றினார்கள். அத்தனை கூட்டத்திலும் இவர் குனிந்து அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, தண்ணீர்தானா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். என் நாத்தனார் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்துத் துண்டைப் போட்டுத் தயாராக நிறுத்தியிருந்தாள். அறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த சத்யப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். நான் வேறு எதையும் கேட்கவில்லை சாமி, அவன் வந்தால் போதும் என்று நின்றேன்.

தெருவில் மேளச் சத்தம் கேட்டது.

பட்டு வேட்டியில் என் தம்பி வந்தான். தேவயானியும் அவள் பக்கத்துப் பெண்களும் சீர்த் தட்டுகளோடு பின்னால் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளை ஆட்கள் தூக்கி வந்தார்கள். தேவயானி என் காதருகில் வந்து, "இதுங்கள உங்க கண்ணுல படாம வைக்க அன்னைக்கு இவரு பட்ட பாடு இருக்கே அண்ணி! சாக்கைப் போட்டு மூடினாராம். உங்களுக்குத் தெரியாம கொண்டாந்து அசத்தணும்னு கல்யாணம் கூடி வந்தது காதுல விழுந்ததுமே வாங்கி வச்சிட்டாரு" என்றாள்.

நான் அந்த விளக்கைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். போனில் நான் கேட்ட கேள்வி திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டான். அதற்குப் பிறகும் கொண்டு வந்திருக்கிறான்.

தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள். பட்டுப்புடவை, வளையல், பழம், வெற்றிலை பாக்கு. வளையல் தட்டின் நடுவில் புதிதாக ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. அதே மாதுளம்பழத் தோல் சிவப்பு.

தம்பி அதை என் வீட்டுக்காரர் பக்கமாகத் தள்ளி வைத்தான். "அக்காகிட்ட இருந்தது தீர்ந்திருக்கும் மாமா. பொட்டு நெறைய வைக்க வேண்டியிருந்துச்சுல்ல" என்றான். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மாமன் மச்சான் கேலி என்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. இப்போது இவர் ஏதாவது சொன்னால் முடிந்தது, மணமேடை முன்னால் எல்லாம் முடிந்தது.

அவர் அந்தப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். தம்பியின் வலது கையைப் பிடித்து இழுத்து, கிரீஸ் போகாத அந்தக் கட்டைவிரல் நகத்தில் நிதானமாக ஒரு பொட்டு வைத்தார்.

"என்ன மாமா இது?"

"வண்டியில இருந்ததுக்கெல்லாம் நம்மளுதுன்னு வச்சேன் மச்சான். உனக்குத்தான் வைக்காம வுட்டுட்டேன்" என்றார்.

தம்பி நகத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே பட்டத்தை எடுத்துக்கொண்டு என் பெண் உட்கார்ந்திருந்த அறையை நோக்கி நடந்தான்.